பாதி சாட்சி

சாட்சி சொல்லும் நேரத்தில் ரேடியோ எழுந்து நின்றதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் யாராவது எழுந்து நிற்பார்கள். காணாமல் போன சாவி கிடைத்தது, மாமியாரின் முழங்கால் வலி விட்டது, நின்று போன வேலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள் என்பார்கள். சபை அல்லேலூயா சொல்லும். கீழேயிருந்து ரப்பர் நாற்றம் படியேறி வரும். மின்விசிறிகள் அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைக்கும்.

ரேடியோ மெத்தைப் பட்டறையில் வேலை செய்கிறவன். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் காலையிலிருந்து இருட்டும் வரை சினிமாப் பாட்டு பாடிக்கொண்டே தைப்பான். அதனால் அந்தப் பெயர். முழுக்கு எடுத்த பிறகு பாட்டை விட்டுவிட்டான். பெயர் அவனை விடவில்லை. சபையில் மட்டும் 'பிரதர்' என்பார்கள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தான். கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டான். "இங்க வாலிபப் பிள்ளைங்க இருக்கீங்க. மாம்சத்தை ஜெயிக்க முடியாதுன்னு நினைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னைக்குச் சொல்றேன், முடியும். நானும் என் வீட்டம்மாவும் ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஆனா போன மழைக்கு முன்னாடியிருந்து அண்ணன் தங்கச்சி மாதிரிதான் இருக்கோம். நான் ஹால்ல படுக்கிறேன், அவ ரூம்ல படுக்கிறா. என் விரல் நுனிகூட அவ மேல பட்டதில்ல."

பாஸ்டருக்கு நல்ல பழக்கம் ஒன்று உண்டு, யார் என்ன சொல்லி நிறுத்தினாலும் உடனே "அல்லேலூயா" என்று விடுவார். இதற்கும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போனது. ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் பின்பாட்டு போல அல்லேலூயா என்றார்கள். ஒருவன் கைதட்டினான்.

பெண்கள் பக்கத்தில் சத்தமே இல்லை.

காரணம் இருந்தது. அந்தப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து ரேடியோவின் மனைவிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் குழந்தை வேண்டும் என்று. பாஸ்டரம்மா அவள் நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, கர்ப்பத்தின் கட்டை அவிழ்த்துவிடும்படி மன்றாடியிருந்தாள். போன வெள்ளிக்கிழமை தையல்காரம்மா அழுது அழுது தொண்டை கட்டி, இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவள் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்போ நாம எதுக்கு வாரா வாரம் பட்டினி கிடந்தோம்?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரித்தவள் உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் மனைவி அழவில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். அது கல் மாதிரி ஆகும் வரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் காற்று புழுதியை வாரி இறைத்தது. மழை வருவது போலக் காட்டிவிட்டு வராமல் போகும் காற்று. சில நாட்களாகவே அப்படித்தான், எல்லோருக்கும் கண் எரிச்சல், எல்லோருக்கும் கோபம். அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

"சாட்சிதானே சொன்னேன்," என்றான்.

"யாரோட சாட்சி?"

"நம்மளோடது."

"நம்மளோடதுன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்க."

"கர்த்தர் ஏவினாரு. சட்டுனு எந்திரிச்சிட்டேன்."

"அவர் மேல போடாதீங்க. பாவம், அவருக்கு என்ன தெரியும் நீங்க வாயைத் திறப்பீங்கன்னு." அவள் நின்று திரும்பினாள். "பசிக்குதா?"

"கொஞ்சம்."

"நல்லது. பசியோடயே இருங்க. அடுத்த வாரம் அதையும் எந்திரிச்சுச் சொல்லலாம்."

அன்று அவள் சமைக்கவில்லை. அவன் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றான்.

நடந்தது இவ்வளவுதான். போன மழைக்கு முன்னால் ஒருநாள் ரேடியோ தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். ஜெபத்துக்காக என்றான். ஒரு வாரம் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அதே நாட்களில்தான் அவனுடைய பெரிய போன் கையில் இல்லாமல் போனது. உடைந்துவிட்டது என்று சொல்லி பட்டன் போன் ஒன்றை வாங்கிக்கொண்டான். வாரங்கள் போயின. ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். "பரிசுத்தமா இருக்கணும்னு பாக்குறேன்" என்றான். அப்படியானால் நான் என்ன அழுக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். குழந்தைக்காக ஜெபம் வேண்டுகிறவர்கள் முன்னே வாருங்கள் என்று பாஸ்டரம்மா கூப்பிட்டபோது, போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று எழுந்து போனாள். புருஷனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக நெற்றியில் எண்ணெய் வழிய நின்றாள். வெள்ளிக்கு வெள்ளி நின்றாள். அவன் ஒரே நிமிடத்தில் எழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், அதுவும் சந்தோஷமாக.

திங்கட்கிழமை அவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் செய்தி போயிருந்தது. இருவருக்கும் அங்கேதான் வேலை.

துணி வெட்டுகிறவனுக்குக் கத்திரி என்று பெயர். அவன் கத்திரியைக் கீழே வைக்காமலேயே ஆரம்பித்தான். "அண்ணே, நர்ஸ் ஆஸ்டல் ஆர்டர் வந்திருக்கு. முழுக்க சிங்கிள் மெத்தை. உங்களுக்குப் பிடிச்ச சைஸ்."

"வேலையைப் பாருடா," என்றான் ரேடியோ.

"இல்லண்ணே, டபுள் வந்தா நடுவுல செங்கல் வச்சுக் கட்டித் தரட்டுமான்னு முதலாளியைக் கேக்கலாம்னு இருந்தேன்."

பஞ்சு அடிக்கும் மெஷினில் நிற்பவளைப் பஞ்சக்கா என்பார்கள். தலை, புருவம், மூக்கு முடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். வயதா, பஞ்சா என்று யாருக்கும் தெரியாது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"சும்மா இருடா கத்திரி. நீ உன் பொண்டாட்டியைத் தொட்டதுக்கு அவ வாரத்துக்கு ஒருக்கா அம்மா வீட்டுக்கு ஓடுறா. இவரு தொடாம வச்சிருக்காரு. எது நல்லது?" என்று சொல்லிவிட்டு ரேடியோவின் மனைவி பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் வாசல் வரை போகும். "ஏம்மா, உண்மையைச் சொல்லு. அந்த ஆளுக்கு ஏதாவது கோளாறா? சொன்னா டாக்டர் இருக்காங்க."

"கோளாறு எல்லாம் வாயிலதான் அக்கா."

பஞ்சக்கா சிரித்தாள். மூக்கிலிருந்து பஞ்சு பறந்தது.

அந்தப் பட்டறையில் மெத்தைக்கு முடிச்சுப் போடுவது இரண்டு ஆள் வேலை. பஞ்சு திணித்து வாய் தைத்த மெத்தையை இரும்புச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்திக் கட்டுவார்கள். அது சுவர் மாதிரி நிற்கும். முன்பக்கம் ஒரு ஆள், பின்பக்கம் ஒரு ஆள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பவர் முழங்கை நீள ஊசியைச் சாக்பீஸ் புள்ளியில் வைத்து உள்ளே தள்ளுவார். பின்னால் நிற்பவர் அதை இழுத்து, ஒரு சின்னத் தோல் வில்லையைக் கோத்து, பக்கத்திலேயே திருப்பிக் குத்தி அனுப்புவார். முன்னால் நிற்பவர் இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுவார். ஊசி எங்கே வெளியே வரும் என்று பின்னால் நிற்பவருக்குச் சரியாகத் தெரியாது என்பதால், தள்ளுகிறவர் "வருது" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் குத்தினால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

ரேடியோவும் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சட்டத்தில்தான் வேலை. அந்தக் காலத்தில் "வருது" எல்லாம் கிடையாது. அவன் பாடும் பாட்டில் எந்த வரிக்கு ஊசி வரும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவன் "வருது" என்றான். அவள் பதில் சொல்லாமல் இழுத்தாள். பதில் வராததால் அவன் ஒவ்வொரு தடவையும் தள்ளுவதற்குத் தயங்கினான். தயங்கியதால் முடிச்சுகள் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் விழுந்தன. மெத்தை மேடும் பள்ளமுமாக ஆனது. போன தடவையும் இப்படி ஆகித்தான் நர்ஸ் ஆஸ்டல்காரர்கள் சண்டைக்கு வந்திருந்தார்கள். அவிழ்த்துத் திரும்பப் போட்டார்கள். திரும்பவும் அப்படியே ஆனது.

வாரத்தின் நடுவில் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ரேடியோ சுவரில் சாய்ந்து நின்றான். அவன் மனைவி டீ போட்டாள். சர்க்கரை போட்டதை மறந்து மறுபடி போட்டாள். பாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவள் உட்காரவில்லை. அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், புழுக்கம் தாங்காமல் திறந்தாள்.

"தம்பி, உங்க வைராக்கியத்தை நான் குறை சொல்லல," என்று பாஸ்டர் ஆரம்பித்தார். "தேவன் நம்மைப் பரிசுத்தத்துக்குத்தான் அழைச்சிருக்காரு. சரீரம் அவரோட ஆலயம். வேசித்தனத்துக்கு விலகி ஓடணும்னுதான் வேதம் சொல்லுது. ஆனா..."

"ஆனாவுக்கு வாங்க," என்றாள் பாஸ்டரம்மா.

"வரேன். ஆனா, புருஷன் மனைவி பிரிஞ்சு படுக்கிறதுக்கும் வேதம் ஒரு முறை சொல்லியிருக்கு."

"நான் சொல்றேன் விடுங்க." பாஸ்டரம்மா ரேடியோவைப் பார்த்தாள். "தம்பி, வேதத்துல பவுல் இதைப் பத்தி ஒளிவு மறைவு இல்லாம எழுதியிருக்காரு. ரெண்டு பேரும் பேசி, ரெண்டு பேரும் சம்மதிச்சு, கொஞ்ச காலத்துக்கு ஜெபத்துக்குன்னு ஒதுங்கலாம். அப்புறம் திரும்பச் சேந்துடணும். உங்க உடம்பு உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல, அவளுக்கும்தான். அவ உடம்பும் அப்படியே. நீங்க பேசினீங்களா?"

ரேடியோ காலால் தரையைத் தேய்த்தான். "நல்ல காரியத்துக்கு என்னத்தக் கேக்குறதுன்னு..."

"அவ சாப்பாட்டையும் சேத்து எடுத்து வச்சுக்கிட்டு நான் உபவாசம்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அம்மா, நான் தப்புத் தண்டா எதுவும் பண்ணல. குடிக்கல. வேற பொம்பளை கிட்டப் போகல."

"போகலதான். இங்கயும் வரல. பரிசுத்தம்னா ஒதுங்கிப் போறது இல்ல தம்பி, ஒதுக்கி வைக்கிறது. இன்னாருக்குன்னு. இச்சையடக்கத்தை ஆவியின் கனின்னுதான் சொல்லியிருக்கு. கனின்னா பழுக்க நாள் ஆகும். நீங்க மரத்தையே வெட்டிட்டு, பாருங்க, ஒரு காய்கூட அழுகலன்னு சாட்சி சொல்றீங்க."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அல்லேலூயா சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "பழக்கத்துல வந்துருச்சு."

ரேடியோவின் மனைவி கையிலிருந்த துணியைத் தொட்டியில் எறிந்தாள்.

"பாஸ்டரம்மா, நீங்க சொல்றதெல்லாம் நியாயம். இப்ப அவரைக் கண்டிச்சீங்க, சரி. என்ன ஆகும்? இன்னைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ள வருவாரு. பாஸ்டரம்மா சொன்னாங்கன்னு வருவாரு. ஒருநாள் ஆண்டவர் சொன்னாருன்னு வெளிய போனாரு, இன்னொருநாள் நீங்க சொன்னீங்கன்னு உள்ள வருவாரு. நடுவுல நான் எங்க இருக்கேன்? தெருவுல வெங்காயம் வாங்கப் போக முடியல. கடைக்காரர் என்னைப் பரிதாபமாப் பாத்து ரெண்டு வெங்காயம் கூடப் போடுறாரு."

பாஸ்டரம்மா எழுந்து அவளருகே போனாள். தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். "நீ என்னம்மா பண்ணப் போற?"

"அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவள் அக்கா பஸ் பாதையின் கடைசியில் இருந்தாள். ஞாயிறு கூட்டம் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறி வந்துவிடு, இங்கே தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அக்கா சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. "வந்தா வந்ததுதான், கூப்பிட வந்தாருன்னு மறுபடி ஓடாத." அதை அவள் பாஸ்டரம்மாவிடம் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு ரேடியோவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து பையை எடுத்து வெளியே வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ரேடியோவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஜெபிக்க முழங்காலில் நின்றால் எழுந்துவிடுவான். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். டயர் கடைக்காரர், "என்ன பிரதர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் பிடிக்கப் போனான். பை சுவரோரமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பட்டறையில் கடைசி மெத்தைகள். பஞ்சு மெஷின் காது கிழியச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே காற்று, உள்ளே பஞ்சு, மூச்சு விட்டால் தொண்டையில் இழை இழையாக ஒட்டியது. சட்டத்தில் மெத்தையை நிறுத்தி இருவரும் இருபக்கமும் நின்றார்கள்.

"வருது," என்றான். ஊசி போனது. திரும்பி வந்தது. இழுத்து முடிச்சுப் போட்டான்.

"வருது." போனது. வந்தது.

அடுத்த தடவை "வருது" என்று சொல்லாமல் வேறொன்று சொன்னான்.

"அந்த போன் உடையல. நான்தான் சாக்கடையில போட்டேன்."

மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. மெத்தைக்கு அந்தப் பக்கம் காதை வைத்து நிற்பவளுக்கு மட்டும் கேட்கும்.

"எதுக்கு?" என்றாள்.

"அதுல அசிங்கமான படமா பாத்துக்கிட்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து. விட முடியல."

ஊசி திரும்பி வந்தது. "இதுக்கா இவ்ளோ நாள்?" என்றாள். "ஊர்ல பாதிப் பேர் பாக்குறான்."

"அதோட முடியல. போனைத் தூக்கிப் போட்ட பிறகும் படம் போகல. உன்கிட்ட வருவேன், கண்ணை மூடிப்பேன். மூடினா அவளுங்கதான். யார் யாரோ. நீ இருக்க மாட்ட. உன் பக்கத்துல படுத்துக்கிட்டு, உன்னைக் கட்டிக்கிட்டு, நான் வேற எங்கயோ இருந்தேன். ஒவ்வொரு தடவையும். வேதத்துல படிச்சேன், மனசுல நினைச்சாலே விபசாரம்னு. அப்போ நான் உன் கட்டில்லயே உன்னை வச்சுக்கிட்டே பண்ணிக்கிட்டிருக்கேன்னு ஆச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன்."

அவன் ஊசியைத் தள்ளினான். அந்தப் பக்கம் அவள் இழுப்பது கையில் தெரிந்தது. நூல் ஓடியது. நின்றது.

ஊசி திரும்பி வரவில்லை.

அவன் காத்திருந்தான். நூலைப் பிடித்தபடி மெத்தைத் துணியின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் மறுபடி பேசினான், இன்னும் சத்தமாக.

"ஹாலுக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. போனதும் பெருமையா இருந்துச்சு. யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அசிங்கத்தைச் சொல்ல வெட்கம். ஜெயிச்சதை மட்டும் சொல்லிட்டேன். இப்ப உள்ள வரவும் பயமா இருக்கு. உன்னைத் தொட்டா..."

கரண்ட் போனது. மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

"...அவளுங்க எல்லாரும் திரும்ப வந்துருவாளுங்களோன்னு பயமா இருக்கு!"

பட்டறை முழுக்கக் கேட்டது. கத்திரி கத்திரியை வாயைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றான். பஞ்சக்கா கண்ணிமையில் இருந்த பஞ்சைத் துடைத்தாள்.

"எவளுங்கய்யா?" என்றாள்.

மெத்தைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது, சாதாரணமாக, கொஞ்சம் சலிப்போடு.

"நர்ஸ் ஆஸ்டல்காரங்கதான் அக்கா. போன தடவை மேடு பள்ளம்னு சண்டைக்கு வந்தாங்கல்ல. முடிச்சு சரியில்லன்னா மறுபடி வந்து நிப்பாங்களாம்."

"ஆமா, அதுல ஒருத்தி இருந்தாளே, உயரமா," என்றாள் பஞ்சக்கா. "வாயா அது? இந்த ஆளு பயப்படுறதுல தப்பே இல்ல."

கத்திரி மறுபடி வெட்ட ஆரம்பித்தான்.

மெத்தையின் துணியில் ஒரு சின்ன மேடு எழுந்தது. "வருது," என்று அவள் சொன்னது கேட்டது. சாக்பீஸ் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஊசியின் முனை வெளியே வந்தது. அவன் அதைப் பிடித்து இழுத்தான். "வந்தாச்சு," என்றான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியிலும் அதற்குப் பிறகும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையின் ஜிப்பை இழுத்தாள். அது மூடவில்லை, முழங்காலால் அழுத்தி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையோடுதான் கூட்டத்துக்கு வந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து காலடியில் வைத்துக்கொண்டாள். பையைப் பார்க்காத கண் அங்கே இல்லை. சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர், இந்த முறை ஜாக்கிரதையாக, "சுருக்கமா," என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

ஆண்கள் பக்கத்தில் ரேடியோ பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். போன வாரம் அவன் அவளுடைய ரகசியத்தை எடுத்துச் சபை நடுவில் வைத்தான். இப்போது அவனுடையது அவள் கையில் இருந்தது. அவள் வாயைத் திறந்தால் இனி அவன் இந்தப் படி ஏற முடியாது, பட்டறையில் நிற்க முடியாது, தெருவில் நடக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும். முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு சாட்சி சொல்லிப் பழக்கமில்ல," என்றாள் அவள். "போன வாரம் என் வீட்டுக்காரர் ஒண்ணு சொன்னாரு. அதுல பாதி என்னுது. என்னைக் கேக்காம உங்களுக்குக் குடுத்துட்டாரு. அதைத் திருப்பி வாங்கிக்கலாம்னு நிக்கிறேன்."

தையல்காரம்மாவுக்குத் தொண்டை சரியாகியிருந்தது. "எப்படிம்மா திருப்பி வாங்குவ? காதுல விழுந்தாச்சே."

"பேசாம இருந்தா போதும் அக்கா. திருப்பிக் குடுத்த மாதிரிதான்."

தையல்காரம்மா வாயை மூடிக்கொண்டாள். அது அந்தச் சபையில் அபூர்வம்.

"வெள்ளிக்கிழமை எனக்காகப் பட்டினி கிடந்த எல்லாரும் என்னை மன்னிக்கணும். எண்ணெய் பூசும்போது நான் விஷயத்தைச் சொல்லியிருக்கணும். அவரைக் காட்டிக்குடுக்க மனசு வரல. ஆனா குழந்தை வேணும்னு நின்னது பொய் இல்ல." குனிந்து காலடியில் சாய்ந்த பையை நேராக நிறுத்தினாள். "அவர் சொன்னதுல மீதிப் பாதி அவரோடது. அவரும் அன்னைக்கு முழுசாச் சொல்லல. நேத்துதான் என்கிட்ட சொன்னாரு."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

"அது என்கிட்டயே இருக்கும். இங்க வராது. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் வாயைத் திறந்து மனைவியைப் பார்த்தார். பாஸ்டரம்மா, "ஆமென்," என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்.

கூட்டம் முடிந்து இருவரும் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார்கள். பையைத் தூக்க அவன் கையை நீட்டினான். "நான் தூக்குறேன்," என்றாள். நின்றார்கள். காற்று அவள் தலையில் போட்டிருந்த துணியைப் பறிக்கப் பார்த்தது. அவன் எதையாவது சொல்லித் தடுக்கலாம் என்று நினைத்தான். அவன் வாயிலிருந்து வந்தவை எல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது நினைவுக்கு வந்தது. பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றான். பஸ் வந்தது. கதவு திறந்தது.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் டிரைவர்.

அவள் படியைப் பார்த்தாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"இல்ல. சும்மா காத்து வாங்க நிக்கிறோம்."

"நல்ல காத்துதான் போங்க, புழுதியா," என்று சொல்லி டிரைவர் கதவைச் சாத்தினார்.

வீட்டில் முட்டை வேகவைத்தாள். ரொட்டியும் வெங்காயமும் இருந்தன. இந்த முறை அவனுக்கும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் தட்டுகளைக் கழுவினான். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருந்தது. தெருவில் ஒரு ஆளும் இல்லை. அவன் ஹாலில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்றான்.

"நான் எங்க படுக்கிறது?" என்று கேட்டான்.

அவள் ஹாலுக்கு வந்தாள். அவன் பாயை எடுத்தாள். இழுத்துக்கொண்டு போய் அறைக்குள், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்தாள்.

"இங்க. கட்டிலுக்கு வர வேண்டாம். எப்போன்னு நான் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் அடக்கிக்கங்க. ஹால்ல கதவைச் சாத்திக்கிட்டு அடக்கினது ஒண்ணும் பெரிசில்ல. இப்பத்தான் அது இச்சையடக்கம்."

"சரி."

"அந்தப் படம் வந்தா எந்திரிச்சு ஓடாதீங்க. என்கிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது அதை?"

"நேத்து சொன்னீங்கல்ல? கரண்ட் போற அளவுக்கு."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அவன் சிரித்ததைத் தடுக்கவும் இல்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். அவன் பாயில் மல்லாந்து படுத்தான். அவள் தலை கட்டிலின் விளிம்பில், அவன் தலைக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தது. இந்த அறையின் கூரையை அவன் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு மூலையில் ஈரம் படர்ந்திருந்தது. மின்விசிறி கிறீச் கிறீச் என்றது. பை கதவோரம் ஜிப் மூடியபடியே நின்றது. அதை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

"கண்ணை மூடாதீங்க," என்றாள்.

"மூடல."

"எங்க பாக்குறீங்க?"

"மேல."

"மேல இல்ல," என்றாள் அவள். "இங்க."